சுருட்டுப் பேனாவின் உருளலியல்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

1.1 ஆய்வுப் பொருள்

இரு முனையும் குவிந்து, இடை சற்றே பருத்து, பார்த்தவுடன் தீப்பெட்டியைத் தேடச் செய்யும் வடிவில் மரத்திலே கடைந்தெடுத்த பேனா சுருட்டுப் பேனா எனப்படும். அது இரு வகைத்து. ஒன்று மையூற்றுப் பேனா. அதற்கு நிப் உண்டு, மூடி உண்டு, சட்டைப்பையில் மாட்டும் கிளிப் கிடையாது. கிளிப் வைத்தால் சுருட்டின் களை போய்விடும் என்று செய்பவர்களே அதை விலக்கிவிடுகிறார்கள். மற்றொன்று திருகினால் முனை நீட்டும் பால்பாயிண்ட் பேனா. அதன் உலோக உறுப்புகள் 'சிகார்' என்ற பெயரிலேயே தொகுப்பாக விற்கின்றன. மரத்தை மட்டும் கடைந்து மேலே போர்த்திக்கொள்ள வேண்டியதுதான். எந்த மரத்தைப் போர்த்தினாலும் உள்ளே கிடப்பது 1954இல் வந்த பார்க்கர் ஜாட்டரின் வழிவந்த ரீஃபில்தான். ஆய்வேடுகளுக்கும் இது பொருந்தும் என்று ஒரு கருத்து உண்டு (தேநீர்க் கடைப் பெஞ்சு, இடது முனை).

1.2 ஆய்வு எல்லை

தருமபுரி மாவட்டம். ஏனெனில் ஆய்வாளரின் வீடு அங்கே இருக்கிறது. 2004 பிப்ரவரி 9க்கு முந்தைய எல்லையைக் கொண்டால் கிருஷ்ணகிரியும் உள்ளே வந்துவிடும். பேருந்துக் கட்டணத்தைக் கருதி அதற்குப் பிந்தைய எல்லையே இங்குக் கொள்ளப்பட்டது.

சுருட்டுப் பேனா கடைவதற்கென்று பேர்போன ஊர் எதுவும் இம்மாவட்டத்தில் இல்லை. இது ஆய்வுக்குத் தடையாகாது. இருக்கிற பொருளைப் பற்றி எழுதினால் அதைப் பார்த்தவர்கள் மறுத்துவிடக்கூடும். இல்லாத பொருளைப் பற்றிய ஆய்வுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை.

1.3 கருதுகோள்

சுருட்டுப் பேனா உருளும்.

1.4 சொல்லாராய்ச்சி

பக்க வரம்பு கருதி விடப்பட்டது. ஆய்வேட்டு வரலாற்றில் இதுவே முதன்முறை என்க.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி ஷெர்லக் ஹோம்ஸ். 1887இல் வெளிவந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' கதையில், கொலை நடந்த வீட்டுத் தரையிலிருந்து கொஞ்சம் சாம்பலைத் திரட்டிப் பார்த்துவிட்டு, ஆள் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார். 1890இல் வந்த 'த சைன் ஆஃப் ஃபோர்' கதையில், 140 வகைப் புகையிலையின் சாம்பலை வண்ணப் படங்களோடு விளக்கித் தான் தனிநூலே எழுதியிருப்பதாகவும் தெரிவிக்கிறார். அவர் கற்பனை மாந்தர் என்பது ஒரு குறையே. ஆயினும் அவர் சாம்பலை ஆராய்ந்ததில் ஒரு கொலைகாரன் அகப்பட்டான். மெய்யான ஆய்வாளர்கள் எழுதிக் குவித்ததில் இதுவரை ஒரு வாசகன்கூட அகப்படவில்லை.

சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பிப் பிடித்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எல்லாரும் எழுதுவதால் சான்று தேவையில்லை. சுருட்டின் பருமனை அங்குலத்தின் 64இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளப்பர். 'சர்ச்சில்' என்ற பெயரால் அறியப்படும் கியூபச் சுருட்டின் அளவு 47. நம் ஆய்வுப் பொருள் 14 மில்லிமீட்டர் பருமன் உடையது. கணக்கிட்டால் 35 வருகிறது. சர்ச்சிலுக்கு 12 அலகு குறைவு. இந்தப் பற்றாக்குறையின் அரசியல் இன்னும் ஆராயப்படவில்லை.

பேனாவின் பக்கம் வருவோம். நெடுங்காலம் பேனாக்கள் பெரும்பாலும் இரு முனையும் மொட்டையான கோல்களாக இருந்தன. 1929இல் அமெரிக்காவின் ஷீஃபர் நிறுவனம் 'பேலன்ஸ்' என்ற பேனாவின் இரு முனைகளையும் குவித்து வெளியிட்டது. மற்றவர்களும் குவித்தார்கள். 1952இல் வந்த மாண்ட்பிளாங்க் 149 இந்த வடிவத்துக்குப் பட்டம் கட்டியது. ஜப்பானின் நகாயா நிறுவனமோ தன் பேனாக்களில் கிளிப் இல்லாதவற்றுக்குச் 'சிகார்' என்றே பெயரிட்டது. நம் பக்கத்தில் ராஜமுந்திரி ரத்னம் 1930களில் காந்தியின் சுதேசி வேண்டுகோளை ஏற்றுப் பேனா செய்தார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் இன்றும் எபோனைட்டைக் கையால் கடைந்து செய்யப்படுகின்றன. எபோனைட் என்பது கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய ரப்பர். மரத்துக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் லேத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இவை தவிர, கருத்தரங்க ஆய்வுக்கோவைகள் பல உள்ளன. பதிவுக் கட்டணம் கட்டியோர் கட்டுரைகள் அனைத்தும் அவற்றில் உண்டு. கோவையின் எடையை எடுத்துக் குறித்துக்கொண்டோம். படிப்பது நம் ஆய்வு நெறியில் அடங்காது.

3. தொன்மை நிறுவல்

எப்பொருளை ஆராய்ந்தாலும் அது தமிழரிடமிருந்தே உலகுக்குப் போனது என்று மூன்றாம் இயலுக்குள் நிறுவிவிட வேண்டும் என்பது மரபு. தருமபுரி இதற்கு ஏற்ற நிலம். இப்பகுதியில் நடுகற்கள் நிறைய. வட்டெழுத்துப் பொறித்த கல்லெல்லாம் உண்டு. ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட வீரன் வில்லும் குறுவாளுமாக அவற்றில் நிற்கிறான். கல்வெட்டு அறிஞர்கள் அதைக் குறுவாள் என்று படித்துவந்திருக்கிறார்கள். நாம் வேறு கோணத்தில், அதாவது சற்றுத் தொலைவிலிருந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம். முனை குவிந்திருக்கிறது. இடை பருத்திருக்கிறது. கிளிப் இல்லை. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மாடு மீட்கப் போனவனுக்குப் பேனா எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மீட்ட மாடுகளுக்குக் கணக்கு எழுதுவது யார்? அக்காலத்தில் எழுத்தாணிதானே இருந்தது என்பார்க்கும் விடை உண்டு. எழுத்தாணியால் எழுதினான் என்றால் ஓலை கிடைத்திருக்க வேண்டும். ஓலை கிடைக்கவில்லை. ஆகவே அவன் காகிதத்தில் பேனாவால் எழுதினான். காகிதமும் கிடைக்கவில்லை; ஆனால் காகிதம் மக்கிவிடும் பொருள் என்பதை அறிவியல் ஒப்புக்கொள்கிறது (திண்ணைத் தாத்தா ஒருவர், வாய்மொழி உரை, மதியத் தூக்கத்துக்கு முந்தைய பதிப்பு; தூங்கி எழுந்த பின் வந்த திருத்திய பதிப்பில் இக்கருத்து நீக்கப்பட்டுள்ளது). இதை இன்னும் மறுப்பவர் இருந்தால் அவர் தமிழின் பகைவர்.

காலப் பொருத்தமும் கவனிக்கத்தக்கது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2. பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது 2008 அக்டோபர் 2. இரண்டும் காந்தி பிறந்த நாள். காந்தியின் சொல் கேட்டுச் சுதேசிப் பேனா பிறந்ததை மேலே கண்டோம். ஆக மாவட்டம், சுருட்டு, பேனா மூன்றும் ஒரே தேதியில் வந்து முடிச்சாகின்றன. இதைத் தற்செயல் என்று சொல்பவர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆய்வாளராக இருக்க முடியாது.

4. மர வகைப்பாடு

4.1 வேம்பு: பேனாவின் முனையைக் கடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு. காலையில் ஒருமுறை கடித்தால் போதும்.

4.2 தேக்கு: எண்ணெய்ப் பசை உள்ள மரம்; கோந்து எளிதில் பிடிக்காது. எதிலும் ஒட்டாத அறிஞர்களுக்கு உகந்தது.

4.3 ஈட்டி: அழகு. இம்மரத்தைக் காக்க 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். பழைய கட்டில் காலிலிருந்து எடுப்பதே உத்தமம்.

4.4 சந்தனம்: சித்தேரி மலைப் பக்கம் இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது. சந்தனப் பேனாவால் எழுதும் முதல் கடிதம் வனத்துறைக்கு எழுதும் விளக்கக் கடிதமாகவே இருக்கும்.

4.5 நெல்லி: அதியமான் கொடுத்தது கனி, கட்டை அன்று. விடப்பட்டது.

4.6 வெட்பாலை: பெங்களூரு தாண்டி மைசூர்ச் சாலையில் உள்ள சன்னபட்டணத்தில் பொம்மை கடையும் மரம். வெளிர் நிறம், நெருக்கமான இழை, உளிக்கு வசப்படும். சுழலும் மரத்தின் மீது அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். பின் தாழை மடலால் தேய்த்து மினுக்குவார்கள். குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லாத பூச்சு. பேனாவை வாயில் வைப்போர் குழந்தைகள் மட்டும் அல்லர் என்பதால் இது முக்கியம்.

4.7 சீமைக்கருவேலம்: 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய்வந்த மரம். கெட்டி, நல்ல பழுப்பு. இதை அகற்றும் வழி பற்றி நாடே விவாதித்தது. ஒரு பேனாவுக்கு ஒரு சாண் கட்டை போதும் என்பதால், மக்கள் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் பிரச்சினை தீரும்.

4.8 புளி: தருமபுரியின் மரம். புளி வணிகத்துக்குப் பேர்போன இம்மாவட்டத்தில் அதன் கட்டைக்குப் போதிய மரியாதை இல்லை. முதிர்ந்த மரத்தின் வைரம் கருஞ்சிவப்பாக, ஒழுங்கற்ற ரேகையோடு இருக்கும். உளியின் கூரை மழுக்கிவிடும் கெட்டி. செக்குக்கும் உலக்கைக்கும் போன மரம். கறிக்கடையில் கொத்துக்கட்டையாக நின்று வருடக்கணக்கில் வெட்டுத் தாங்கும் மரம். பத்திரிகை ஆசிரியரின் வெட்டையும் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம். குறை ஒன்றே. புளிய மரத்தில் பேய் குடியிருக்கும் என்பது ஊரறிந்த செய்தி. அம்மரத்துப் பேனாவால் ஓர் ஆய்வேடு எழுதப்பட்டால், அதை உண்மையில் எழுதியது யார் என்று சொல்ல முடியாது. ஆய்வேட்டுச் சந்தையில் இதைக் குறையாகக் கொள்ளும் வழக்கமும் இல்லை (விடைத்தாள் கட்டின் மேலுறை, பின்புறம், எண்ணெய்க் கறைக்குக் கீழே மூன்றாம் வரி, கறைக்கு மேலுள்ள பாடபேதம் போண்டா தொடர்பானது).

5. செய்முறை

20 மில்லிமீட்டர் சதுரக் கட்டை எடுத்துக்கொள்ளவும். நடுவில் 10 மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் குழாயைச் சொரசொரப்பாக்கிப் பசை தடவிச் செருக வேண்டும். பசை காய்ந்தபின் கட்டையின் இரு முகத்தையும் குழாயின் விளிம்போடு சமமாகச் சீவ வேண்டும். சீவாவிட்டால் உறுப்புகளைப் பொருத்தும்போது மரம் வெடிக்கும். பிறகு கம்பியில் கோத்து லேத்தில் ஏற்றி, முதலில் மூலைகளை எடுத்து, அப்புறம் இடை வளைவைக் கொண்டுவந்து, உப்புத்தாளால் கரடிலிருந்து நைஸுக்கு ஒவ்வொன்றாக இறங்கி வர வேண்டும். மையூற்றுப் பேனா என்றால் நிப் பிடிக்கும் பகுதியை எபோனைட்டிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வதே வழக்கம். மரம் மையைக் குடித்துவிடும். மரத்தில் வெட்டிய மரையும் நாளடைவில் உதிரும்.

மின்மோட்டார் வருவதற்கு முன் வில்லின் கயிற்றை மரத்தில் சுற்றி, முன்னும் பின்னும் இழுத்துக் கடைந்தார்கள். மரம் ஒருமுறை ஆளை நோக்கிச் சுழலும், மறுமுறை விலகிச் சுழலும். ஆளை நோக்கிச் சுழலும்போது மட்டுமே உளி வெட்டும். ஆய்வுலகிலும் இந்த முன்பின் ஓட்டம் உண்டு. உளிதான் எந்தத் திசையிலும் படுவதில்லை.

இனிக் கணக்கு. கட்டையின் குறுக்குவெட்டு 400 சதுர மில்லிமீட்டர். மூலைகளை எடுத்து உருண்டையாக்கியதுமே நூற்றுக்கு இருபத்தொன்று போய்விடும். 14 மில்லிமீட்டருக்கு இளைத்து, நடுத் துளையையும் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 75. அதாவது நூற்றுக்குப் பத்தொன்பதே பேனா. எண்பத்தொன்று சுருளும் தூளும். கடைசல்காரர் எண்பத்தொன்றைக் கூட்டிக் குப்பையில் போடுகிறார், பத்தொன்பதை நம் கையில் கொடுக்கிறார்.

ஆய்வேடு செய்முறை இதற்கு நேர் எதிரானது. கையில் பத்தொன்பது இருந்தால் எண்பத்தொன்றைச் சேர்த்துக் கட்டித் தைத்துத் தங்க எழுத்துப் பதித்து ஐந்து படி சமர்ப்பிக்க வேண்டும். பத்தொன்பதும் இல்லாவிடில் இன்னும் வசதி.

6. உருளலியல்

ஆய்வின் உயிர்நிலைக்கு வந்துவிட்டோம்.

6.1 இலக்கணம்

உருளை வடிவப் பொருள் நேராக உருளும். ஒரு பக்கம் குவிந்த பொருள் குவிந்த பக்கத்தை உள்ளே வைத்து வளைந்து உருளும். சுருட்டுப் பேனா இரு பக்கமும் குவிந்தது. ஆனால் இரு குவிவும் ஒரே அளவின அல்ல. ஆகவே அது முதலில் நேராகப் போவதுபோல் காட்டி, பிடிக்கக் கை நீட்டியதும் வளைந்து, நீட்டிய கைக்கு அடுத்த பக்கத்தில் விழும். மேசையில் அதன் இடை மட்டுமே படிவதால் எளிதில் உருளும். புத்தகத்தைப் புரட்டும் அதிர்வே போதும். விழும்போது நிப் கீழாக விழும். இதற்கு இயற்பியலில் காரணம் தேடுவோர் ஒருமுறைகூட நிப் வாங்கியிராதவர்கள்.

6.2 மேசை விளிம்பும் ஆற்றுப்படுகையும்

உருண்ட பேனா எத்திசையில் விழும்? இவ்வினாவை எழுப்பியவர் எவரும் இல்லை என்பதே இதன் முக்கியத்துவத்துக்குச் சான்று.

தருமபுரி மாவட்டம் இரண்டு ஆறுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் மேட்டுநிலம். மேற்கே சின்னாறு ஒகேனக்கல்லில் போய்க் காவிரியைச் சேர்கிறது. தொப்பையாறும் காவிரிப் பக்கமே. கிழக்கே வாணியாறும் கம்பைநல்லூர் ஆறும் தென்பெண்ணையைச் சேர்கின்றன. ஆகவே இம்மாவட்டத்தில் நீர்பிரி மேட்டின் மேல் போட்ட ஒரு மேசையில் பேனா மேற்கு விளிம்பில் விழுந்தால் அது காவிரிப் படுகையைச் சேர்ந்தது. கிழக்கு விளிம்பில் விழுந்தால் தென்பெண்ணைப் படுகை.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. இரண்டு ஆற்றிலும் கர்நாடகத்தோடு நமக்கு வழக்கு உண்டு. காவிரிக்கு 1990இல் நடுவர் மன்றம் அமைந்து, 2007இல் இறுதித் தீர்ப்பு வந்து, 2018இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லி, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தென்பெண்ணை வழக்கும் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. எனவே தருமபுரியில் கீழே விழும் எந்தப் பேனாவும், எப்பக்கம் விழுந்தாலும், மாநிலங்களுக்கிடையிலான விவகாரமே. குனிந்து எடுப்பது நீதிமன்ற அவமதிப்பாகுமா என்பது சட்ட வல்லுநர்க்குரிய கேள்வி.

இது குறித்து இரண்டு மரபுகள் உள. மேற்கு மரபினர் பேனா இயல்பாகவே காவிரியை நாடும் என்பர். ஒகேனக்கல் போகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வழுக்குவதை எடுத்துக்காட்டுவர். கிழக்கு மரபினர், மேற்கு மரபினரின் மேசைக்கு ஒரு கால் குட்டை என்பர். மேற்கு மரபினர் தம் மறுப்புரையில், கால் குட்டை என்பது மெய்யே ஆயினும் அதன் கீழ் மடித்து வைத்திருக்கும் காகிதம் கிழக்கு மரபினரின் ஆய்வுக் கட்டுரையே என்றும், அக்கட்டுரையால் உலகுக்கு விளைந்த ஒரே பயன் அதுவே என்றும் நிறுவுவர் (மூலம்: பேருந்துப் பயணச்சீட்டு, உரை: அதன் பின்புறம், உரையின் மேல் உரை: பாக்கிச் சில்லறையைக் கண்டக்டர் பேனாவால் வட்டமிட்டு எழுதிய தொகை, அத்தொகையின் முதல் இலக்கம் ஒன்றா ஏழா என்ற பாடபேத ஆராய்ச்சி தொப்பூர் கணவாய் இறங்கும் வரை நடந்தது, சேலம் வந்துவிட்டதால் சுவடி பயணியோடு இறங்கிப்போய்விட்டது, படி எடுக்கப்படவில்லை).

6.3 மூன்றாம் மரபு

பேனா விழவே இல்லை, யாரோ கொண்டுபோய்விட்டார் என்பது மூன்றாம் மரபு. வங்கியிலும் அஞ்சலகத்திலும் "ஒரு நிமிஷம் பேனா குடுங்க சார்" என்று தொடங்கும் சடங்கைச் சுட்டி இவர்கள் பேசுவர். இம்மரபை ஏனைய இருவரும் கடுமையாக மறுக்கிறார்கள். அதில் உண்மை இருப்பதால் அது ஆய்வுலகுக்குப் புறம்பானது என்பது அவர்கள் வாதம்.

6.3.1 மூடிக் கோட்பாடு

இரவல் தரும்போது மூடியைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுப்பது நம்மவர் கண்ட பாதுகாப்பு முறை. எந்தப் பூட்டுக்கும் இளைத்ததன்று. வாங்கியவன் மறந்தாற்போலப் பைக்குள் போடப் போனாலும் மொட்டை முனை அவன் சட்டையையே கறையாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

6.3.1.1 திருகு பேனாவும் அறச்சிக்கலும்

திருகு வகைச் சுருட்டுப் பேனாவுக்கு மூடி இல்லை. ஆகவே இரவல் தருபவர் பேனாவின் மேல்பாதியைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டியவர் ஆகிறார். மேல்பாதியைக் கழற்றினால் ரீஃபில் உள்ளே நழுவும், எழுத வராது. எழுத வராத பேனாவை இரவல் கொடுப்பது ஈகையா, ஏமாற்றா? இதைப் பற்றி நீதிநூல்கள் பேசவில்லை.

6.3.1.1.1 மேற்படி சிக்கலின் உட்சிக்கல்

உண்டு.

6.4 உருளலுக்குப் பிறநாட்டுத் தீர்வு

நகாயா நிறுவனம் வேண்டுவோர்க்கு வெள்ளியில் சிறு உருவம் செய்து பேனாவின் உடலில் பதித்துத் தருகிறது. உருவம் மேசையில் தட்டி நிற்கும். இத்தீர்வு விலை மிகுந்தது. அதனால் மதிக்கத்தக்கது.

7. களப்பணி

ஆய்வேட்டில் களப்பணி இயல் கட்டாயம் என்பதால் தருமபுரியில் கட்டில் காலும் தொட்டில் கட்டையும் கடையும் பட்டறை ஒன்றுக்குப் போனோம். பட்டறைக்காரர் இனித் 'தகவலாளர்' எனப்படுவார். வயது, கல்வி, வருமானம் குறித்த படிவத்தை நிரப்பச் சொன்னபோது, "கையெல்லாம் தூளா இருக்குது, நீங்களே எழுதிக்கோங்க சார்" என்றார். எழுதிக்கொண்டோம். இவ்வியலின் தரவுகள் அவ்வாறு பெறப்பட்டவை.

"ஐயா, சுருட்டு வடிவ எழுதுகோலின் உருளலில் ஆற்றுப்படுகை அரசியல் எவ்வாறு செயல்படுகிறது என்று கருதுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

தகவலாளர் உளியைக் கீழே வைக்கவில்லை. "உங்களுக்கு என்ன செய்யணும் சார், அதச் சொல்லுங்க."

"பேனா உருளுகிறது."

"உருண்டையா இருந்தா உருளத்தான் செய்யும்."

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டதாகக் குறித்துக்கொண்டோம். தகவலாளர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"குடுங்க. அடிப்பக்கம் ஒரு இணுக்கு தட்டையா இழைச்சு விட்டுட்டா நின்னுக்கும். எதிரே உக்காந்தா ரேகைகூடத் தெரியாது. நிறம் தடவிட்டு ஒரு இழுப்பு மெருகு. டீ குடிச்சுட்டு வாங்க, முடிஞ்சிரும்."

"இதற்கு என்ன ஆதாரம்?"

அவர் தம் பேச்சில் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "வச்சுப் பாருங்க சார். உருளலேன்னா அதான்."

இத்தீர்வு பின்வரும் காரணங்களால் ஆய்விலிருந்து விலக்கப்படுகிறது. ஒன்று, இதற்கு அடிக்குறிப்பு இல்லை. இரண்டு, தகவலாளர் தகவல் தரவேண்டியவர். முடிவு தருவது அவர் வேலை அன்று. மூன்று, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எழுதினால் பல ஆண்டு உதவித்தொகைக்கு என்ன கணக்குக் காட்டுவது? நான்காவது காரணம் நெறியாளரோடு கலந்து பின்னர் சேர்க்கப்படும்.

8. ஆய்வு முடிவுகள்

8.1 சுருட்டுப் பேனா உருளும்.

8.2 அது பழந்தமிழர் கண்டுபிடிப்பு.

8.3 தட்டையாக இழைத்த பேனா உருளுவதில்லை என்பதால் அது ஆய்வுப் பொருளாகும் தகுதியை இழக்கிறது.

8.4 மேசையின் குட்டைக் காலுக்கு எந்தக் கட்டுரையை வைப்பது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை.

9. மேலாய்வுக்குரியவை

முனியப்பனுக்கும் கருப்பனுக்கும் சுருட்டுப் படைக்கும் வழக்கம் இருக்க, சுருட்டுப் பேனாவைப் படைக்கலாமா? (படைக்கலாம், பற்ற வைக்கக் கூடாது.) பேனாவைக் காதில் செருகும் தச்சர்களின் காது வளைவு. ஹோம்ஸின் 140 சாம்பல்களில் எரிந்த ஆய்வேட்டின் சாம்பல் ஏன் இடம்பெறவில்லை? இவை ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும். சிறிது நீட்டினால் ஒரு துறைத்தலைவர் பதவிக்கும் போதும்.

10. உறுதிமொழி

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகளின்படி, பிறர் எழுத்தோடு பத்து விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை கிடையாது. இந்த ஆய்வேட்டில் பிறர் கருத்து பத்து விழுக்காட்டைத் தாண்டவில்லை என்று இதனால் உறுதி கூறுகிறேன். என் கருத்தும் தாண்டவில்லை.